நகலில் விடுபடும் விதிகள்

நாகர்கோவில் பக்கத்துப் பழைய நிலப் பிரமாணங்களில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். 1098 ஆவணி என்றால் 1922 ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் எழுதியது. இதைக் கணினியில் ஏற்றுகிறவர் தேதிக்கான கலத்தில் ஆண்டை 1098 என்றே தட்டிவிட்டால், கணினி தன்பாட்டுக்கு வாங்கிக்கொள்ளும். முதலாம் குலோத்துங்க சோழன் ஆண்ட காலத்தில் அந்த நிலம் கைமாறியதாகப் பதிவாகிவிடும்.

இதைத் தடுக்க வழி உண்டு. அட்டவணையை உருவாக்கும்போதே, இந்தக் கலத்தில் 1800க்கு முந்தைய தேதியை ஏற்காதே என்று ஒரு விதி எழுதிவிடலாம். அப்புறம் யார் தட்டினாலும் 1098 உள்ளே போகாது.

சிக்கல் தொடங்குவது அந்த அட்டவணையை நகலெடுக்கும்போதுதான். வழக்கமாகப் பலரும் கொடுக்கும் கட்டளையில் வரிகள் ஒன்று விடாமல் வந்து சேரும், விதி வராது. நெல்லை அளந்து கொண்டுவந்து கொட்டியாயிற்று, ஆனால் பத்தாயத்துக்குள் இருந்த தடுப்புப் பலகைகளை எடுத்து வரவில்லை என்பது போல. நகல் பார்வைக்கு அசலைப் போலவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மறுநாளே 1098 நுழைந்துவிடும்.

கலமும் விதியும் என்னவென்று புரிய, கிராம நிர்வாக அலுவலகத்தில் இருக்கும் 'அ' பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். சர்வே எண், உட்பிரிவு, பழைய சர்வே எண், நன்செயா புன்செயா, மண்ணின் வகை, தரம், பரப்பு, தீர்வை, பட்டா எண், பெயர் என்று கலம் கலமாக ஓடும் பதிவேடு அது. 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்ட கட்டுரை, கணினித் தரவையும் இப்படிக் கலமும் வரியுமான அட்டவணைகளாகவே பார்க்கலாம் என்று கணிதத்தின் துணையோடு நிறுவியது. இன்றைக்கு வங்கி, ரயில் முன்பதிவு, ரேஷன் கடை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்த யோசனைதான்.

தாளில் உள்ள கலத்துக்குத் தலைப்பு மட்டும்தான் உண்டு. கணினியில் உள்ள கலத்துக்குக் குணங்களும் உண்டு. அது எண்ணா, எழுத்தா, தேதியா? எத்தனை இலக்கம் கொள்ளும்? வெறுமையாக விடலாமா? ஒன்றும் தட்டாவிட்டால் தானாக என்ன நிரம்பும்? ஒரே மதிப்பு இரண்டு வரியில் வரலாமா? இவற்றுக்கெல்லாம் விடை கலத்தோடு சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும்.

உட்பிரிவு எண்ணைப் பாருங்கள். பெயர்தான் எண், 2ஏ1 என்று எழுத்தும் கலந்து வரும். ஆகவே அந்தக் கலம் எழுத்துக் கலமாகத்தான் இருக்க வேண்டும். இந்தக் குணம் தெரியாத எக்செல் தாளில் சர்வே எண்ணோடு உட்பிரிவைச் சேர்த்து 3/10 என்று தட்டினால் அது அக்டோபர் 3 என்றோ மார்ச் 10 என்றோ மாறி நிற்கும். அட்டவணையை எக்செல் வழியாக நகலெடுத்து மறுபடி ஏற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

பரப்பு இன்னும் கவனம் கேட்கிறது. நம் ஊரில் பேச்சு சென்ட்டில், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். 3 சென்ட் மனை 1.21 ஏர் ஆகிறது. நகலெடுக்கும்போது அந்தக் கலம் முழு எண் கலமாகிவிட்டால் 1.21 வெறும் 1 ஆகும். 21 சதுர மீட்டர், அதாவது ஒரு பெரிய அறையின் அளவு, போயே போய்விடும். 3 சென்ட்டில் வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பத்துக்கு இது சில்லறை விஷயம் அல்ல.

எழுத்துக் கலத்துக்கும் அளவு உண்டு. அழகியபாண்டியபுரம் என்ற ஊர்ப்பெயரை எண்ணிப் பாருங்கள். நம் கணக்கில் 11 எழுத்து. யூனிகோடில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் 17 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால் மொத்தம் 51 பைட். இருபது என்று அளவு குறித்த கலத்தில் இந்தப் பெயர் கொள்ளுமா என்றால், அந்த இருபது எதன் இருபது என்பதைப் பொறுத்தது. தரவுத்தள மென்பொருள்களில் மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரேவும் குறிகளை எண்ணும், பெயர் கொள்ளும். ஆரக்கிள் வேறு சொல்லாவிட்டால் பைட்டை எண்ணும், கொள்ளாது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு அட்டவணையைக் கொண்டுபோகும்போது இருபது என்ற எண்ணை மட்டும் எடுத்துச் சென்றால் தமிழ்ப் பெயர்கள்தான் முதலில் அடிபடும்.

நகல் எதற்குத் தேவைப்படுகிறது? திருத்தம் செய்யுமுன் காப்புப் பிரதி வேண்டும், சோதனைக்கு ஒரு பிரதி வேண்டும், சர்வர் மாறுகிறது. இவற்றோடு நம் கன்னியாகுமரி மாவட்டம் நன்கறிந்த காரணம் ஒன்று உண்டு: எல்லை மாறுவது. விளவங்கோட்டிலிருந்து கிள்ளியூரும் கல்குளத்திலிருந்து திருவட்டாறும் தனி வட்டங்களாகின. இப்படி ஒரு வட்டம் பிரியும்போது பதிவேடும் பிரிந்தாக வேண்டும். புதிய வட்டத்துக்கு அதே அமைப்பில் ஓர் அட்டவணை வேண்டும்.

இதைவிடப் பெரிய மாற்றம் 1956 நவம்பர் 1 அன்று நடந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. நிலம் இருந்த இடத்தில்தான் இருந்தது. அதைக் குறிக்கும் வகைப்பாடு வேறாக இருந்தது. திருவிதாங்கூரில் பண்டாரவகை என்றால் அரசுக்குரியது, ஸ்ரீபண்டாரவகை என்றால் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலுக்குரியது, அதற்குமேல் ஜென்மம் என்ற தனியார் பரம்பரை உரிமை வேறு. சென்னையின் ராயத்துவாரிப் பதிவேட்டில் இந்தச் சொற்களுக்கு இடம் கிடையாது. இணைந்த பகுதிகளுக்கான ராயத்துவாரித் தீர்வைச் சட்டம் ஒன்றும், கன்னியாகுமரி ஸ்ரீபண்டாரவகை நிலங்களை ராயத்துவாரியாக மாற்றும் சட்டம் ஒன்றும் 1964இல் இயற்றப்பட்டன. ஒரு கலத்தில் எந்தெந்தச் சொல் வரலாம் என்பதைத் தீர்க்கச் சட்டமன்றமே கூட வேண்டியிருந்தது. எந்தச் சொல்லை ஏற்கலாம் என்ற விதியைக் கணினி அட்டவணையில் 'செக்' கட்டுப்பாடு என்பார்கள். அதை ஒருவர் நகலெடுக்கும் அவசரத்தில் தவறவிடுகிறார் என்றால் எனக்கு இந்த எட்டாண்டு இடைவெளிதான் நினைவுக்கு வரும்.

இனி கட்டளைகள். எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியில் 'கிரியேட் டேபிள் ஆஸ் செலக்ட்' என்பது கைப்பழக்கமாகிவிட்ட ஒன்று. அசலிலிருந்து வரிகளை எடுத்து, அவற்றை வைத்துப் புது அட்டவணை செய்துகொள்ளும். கலங்களின் பெயரும் வகையும் வரும். ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ், செக் விதி ஆகியவை வருவதில்லை. எஸ்க்யூஎல் சர்வரில் இதற்கு இணையான 'செலக்ட் இன்டு' தானே ஏறும் வரிசை எண் குணத்தைக் கூடவே கொண்டுவரும், ஆனால் சாவியும் இண்டெக்ஸும் அங்கேயும் விடுபடும். எஸ்க்யூலைட்டில் கலத்தின் வகைகூட அப்படியே வராது, தோராயமாகத்தான் வரும். வரி வேண்டாம், கூடு மட்டும் போதும் என்று 'வேர் 1=0' என்ற நடக்காத நிபந்தனையைச் சேர்ப்பார்கள்; கிடைப்பது அதே அரைகுறைக் கூடுதான்.

அமைப்பைக் காப்பதற்கென்றே இருப்பது 'லைக்'. மைஎஸ்க்யூஎல்லில் 'கிரியேட் டேபிள் லைக்' கலங்களின் குணங்களையும் இண்டெக்ஸ்களையும் சேர்த்தே வெறும் அட்டவணை ஒன்றைத் தரும். இங்கே செக் விதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: 2019இல் வந்த 8.0.16 பதிப்புக்கு முன், மைஎஸ்க்யூஎல் அந்த விதியைப் பிழை காட்டாமல் வாங்கிக்கொண்டு அப்படியே கைவிட்டுவிடும். பழைய சர்வரிலிருந்து எடுத்த நகலில் விதி இல்லையே என்று தேடுகிறவர், அசலிலாவது அது இருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

போஸ்ட்கிரேவில் 'லைக்' என்று மட்டும் எழுதினால் கலங்களோடு, வெறுமையாக விடக்கூடாது என்ற குணமும் வரும். மற்றவை வேண்டுமென்றால் 'இன்க்ளூடிங் ஆல்' என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் ஒரு கண்ணி உண்டு. வரிசை எண் 'சீரியல்' முறையில் இருந்தால், நகலும் அசலும் ஒரே எண்ணியிலிருந்து எண் எடுக்கும். இங்கே 501, அங்கே 502, மறுபடி இங்கே 503 என்று இரண்டிலும் எண்கள் விட்டுவிட்டு ஓடும். அசலை நீக்கப் போனால் நகல் அந்த எண்ணியை நம்பி இருப்பதாகச் சொல்லி மறுக்கும். 'கேஸ்கேட்' போட்டு வற்புறுத்தினால் அசலோடு எண்ணியும் போய், நகலில் தானாக எண் விழுவது நின்றுவிடும். நகலெடுத்த கையோடு அதற்கென்று தனி எண்ணி அமைத்துவிடுவதே நல்லது.

எந்த 'லைக்' கட்டளையும் கொண்டுவராதவை இரண்டு: ஒரு மாற்றம் நடந்ததும் தானே இயங்கும் டிரிக்கரும், இன்னோர் அட்டவணையைச் சுட்டும் ஃபாரின் கீயும். இவற்றை நாமேதான் எழுதிச் சேர்க்க வேண்டும். அசலின் உருவாக்கக் கட்டளையையே எழுத்தாக வாங்கி, பெயரை மாற்றி ஓட்டுவது இன்னொரு வழி. மைஎஸ்க்யூஎல்லில் 'ஷோ கிரியேட் டேபிள்', போஸ்ட்கிரேவில் 'பிஜி டம்ப்' இதற்குத்தான். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். விதிகள் கண்ணெதிரே வரிவரியாக நிற்கும், படித்துப் பார்க்கலாம்.

நகல் சரியாக வந்ததா என்று பார்க்கும் வசதியும் காட் தந்ததே. அட்டவணைகளைப் பற்றிய தகவலும் அட்டவணையாகவே இருக்க வேண்டும் என்று 1985இல் அவர் வகுத்த விதிகளில் ஒன்று சொல்கிறது. மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரேவிலும் 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா' என்ற பகுதியில் ஒவ்வொரு கலத்தின் பெயரும் வகையும் அளவும் தானாக நிரம்பும் மதிப்பும் வரிகளாக இருக்கும். அசலுக்குரிய வரிகளையும் நகலுக்குரிய வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபடுவதை மட்டும் கேட்டால் போதும். கட்டுப்பாடுகளுக்கும் அதே இடத்தில் தனிப் பட்டியல் உண்டு. இண்டெக்ஸை அந்தந்த மென்பொருளின் வழியில் பார்க்க வேண்டும்.

வேலையின் வரிசை இப்படி அமைந்தால் நல்லது. முதலில் வெறும் அமைப்பு. பிறகு வரிகள். வரிகள் ஏறியபின் பெரிய இண்டெக்ஸ்கள், ஏனென்றால் ஒவ்வொரு வரிக்கும் இண்டெக்ஸைத் திருத்துவதைவிடக் கடைசியில் ஒரேயடியாகக் கட்டுவது விரைவு. அடுத்து வரிகளின் எண்ணிக்கை, கிராமவாரியாகப் பரப்பின் கூட்டுத்தொகை, இரண்டையும் இரு பக்கமும் ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை ஒத்துப்போய்க் கூட்டுத்தொகை ஒத்துப்போகாவிட்டால் பரப்புக் கலத்தின் தசம இலக்கத்தைப் பார்க்கவும்.

ஃபாரின் கீ கடைசியில். அதைப் பூட்டும்போது கணினி சில வரிகளை மறுக்கலாம்: பட்டா எண் இருக்கும், அந்த எண்ணுக்குரிய உரிமையாளர் அது சுட்டும் அட்டவணையில் இருக்க மாட்டார். விதி இல்லாத காலத்தில் நுழைந்த வரிகளாக இருக்கும் அவை. நீக்கிவிட்டால் பூட்டு உடனே விழும், ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒருவருடைய நிலம் இருக்கிறது. அவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய், தாள் பதிவேட்டைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.