பாதணித் தொழிற்சாலையும் வன்னி வானமும்

வன்னியில் ரப்பர்ச் செருப்பைப் 'பாட்டா' என்றே வழங்குவர். அப்பெயருக்குரிய நிறுவனமே பிற்காலத்தில் வன்னி வானிற் பறந்த சிறு விமானத்தின் மூலத்திலும் நிற்கின்றது.

செக்கோஸ்லவாக்கியாவின் சிலின் நகரப் பாதணி முதலாளி தோமாஸ் பாட்டா, விமானத்தை வர்த்தகக் கருவியாகக் கண்ட முன்னோடிகளுள் ஒருவர். 1931 இறுதியில் இந்தியாவை நோக்கி அவர் விமானத்திலேயே பயணஞ் செய்தார். 1932 யூலை 12 இல், ஒத்ரோகொவிட்சேயில் மூடுபனியினூடே புறப்பட்ட விமானம் வீழ்ந்து மாண்டார். எனினும் 1934 இல் அதேயூரில் அந்நிறுவனம் விமான உற்பத்தியைத் தொடக்கியது. இருவர் செல்லும் 'சிலின் 12' அதன் முதற்புகழ்.

1945 இல் பாட்டா நிறுவனம் நாட்டுடைமையாயிற்று. இரண்டாண்டுகளின் பின் பறந்த 'டிரேனர்' என்னும் பயிற்சி விமானத்தின் வழிவந்ததொன்றிலேயே, 1960 இல் பிராட்டிஸ்லாவாவில் நடைபெற்ற முதலாவது உலக வான்சாகசப் போட்டியில் லடிஸ்லாவ் பெஸாக் வென்றார். தனியார் முதல் நீங்கினால் தொழில்நுட்பம் தேயும் என்போர் இதனைக் கருதுவது நன்று.

1992 இல் முதன்முதற் பறந்த சிலின் 143 நால்வர்க்கான சுற்றுலா விமானம். அமெரிக்க லைக்கோமிங் இயந்திரம், மடங்காத உறுதியான சில்லுகள், புற்றரையிலும் இறங்கும் எளிமை ஆகியன அதன் சிறப்புகள். இவ்வியல்புகளே ஓர் ஆயுத இயக்கத்துக்கும் பயன்பட்டன. பிஸ்டன் இயந்திரம் ஜெற் இயந்திரத்தினுங் குறைந்த வெப்பத்தையே வெளிவிடும். வெப்பத்தைப் பின்தொடரும் ஏவுகணைக்கு அது எளிதில் அகப்படாது. விடுதலைப் புலிகள் அதன் அடியிற் குண்டு தாங்கும் அமைப்பைப் பொருத்தினர். இரணைமடுவில் அவர்களுக்கு ஓடுபாதையும் இருந்தது.

2007 மார்ச் 26 இல் கட்டுநாயக்க விமானப்படைத் தளம் தாக்கப்பட்டதில் படையினர் மூவர் மாண்டனர். வன்னியோ அதற்கு முன்னரே இஸ்ரேலியக் கிபிர் ஜெற் விமானங்களின் ஒலிக்குப் பதுங்குகுழிகளிற் பழகியிருந்தது. சிலின் எதனையும் சமன்செய்யவில்லை. அதன் பெறுமதி பெரிதும் பிரசாரத்திலேயே அடங்கிற்று என்பது எமது கருத்து.

2009 பெப்ரவரி 20 இரவு கொழும்பை நோக்கி இரு விமானங்கள் சென்றன. ஒன்று உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதிற்று. மற்றையது கட்டுநாயக்கப் பகுதியிற் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவ்வேளை வன்னி மக்கள் முல்லைத்தீவுக் கரையோரச் சிறு நிலப்பரப்பினுள் எறிகணைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடந்தனர்.