கையோடு வரும் கியர் குமிழ்

மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு இழுக்கும்போது குமிழ் மட்டும் கழன்று கையோடு வந்துவிடுவது பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் புதிதல்ல. பயப்பட ஒன்றுமில்லை, மொட்டைத் தண்டைப் பிடித்தே கியர் மாற்றி வீடு வந்து சேரலாம். வந்தபின் குமிழைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே மரை அழிந்து, துளை வழவழவென்று இருக்கும். அழிந்தது எவ்வளவு? ஹோண்டா கார்களில் வழக்கமாக வரும் 10 மில்லிமீட்டர் தண்டு, ஒன்றரை மில்லிமீட்டர் மரையிடைவெளி என்று வைத்துக்கொண்டால், பிளாஸ்டிக் மரையின் உயரம் 0.8 மில்லிமீட்டர். இத்தனை காலமும் குமிழைப் பிடித்து வைத்திருந்தது அவ்வளவுதான்.

மரை என்பது உருளையைச் சுற்றிய சாய்தளம். முக்கோணமாக வெட்டிய காகிதத்தைப் பென்சிலில் சுற்றினால் இது கண்ணெதிரே தெரிந்துவிடும். குமிழுக்குள் 2 சென்டிமீட்டர் ஆழம் ஓடும் மரையைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் நீளச் சரிவு கிடைக்கும். அதன் ஏற்றம் வெறும் 3 டிகிரி. இந்தக் குறைந்த ஏற்றத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. இவ்வளவு தட்டையான சரிவில் பொருள் தானாகச் சறுக்கி இறங்க உராய்வு விடாது. இறுக்கிய திருகு இறுக்கியபடியே நிற்பது அதனால்தான்.

பிறகு ஏன் கழல்கிறது? 1969இல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதற்குத் தெளிவான விடை தந்தார். திருகை நேராக இழுத்து இழுத்து விடுவதைவிட, பக்கவாட்டில் அசைப்பதுதான் அதை வெகு சீக்கிரம் கழற்றுகிறது. பரப்புகள் ஒருமுறை பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கிவிட்டால், சுழற்சியைத் தடுக்க வேண்டிய உராய்வும் அந்நேரம் கைவிட்டுவிடும். கியர் குமிழின் முழுநேர வேலையே பக்கவாட்டில் தள்ளப்படுவதுதானே! போதாததற்கு, ஓட்டுநர்கள் பலருக்கு இடது கையை அதன்மேல் ஊன்றி வைக்கும் பழக்கமும் உண்டு.

இரும்புக்குள் இரும்பு என்றால் இதையும் தாங்கும். இங்கே ஒரு பக்கம் எஃகு, மறுபக்கம் ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக். விறைப்பில் எஃகு இதைப்போல நூறு மடங்கு. சூட்டில் விரிவதிலோ பிளாஸ்டிக் ஆறேழு மடங்கு முந்திக்கொள்ளும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் பொருள்கள் 60 டிகிரி வரை சுடுவது சாதாரணம். அப்போது துளை விரிந்து பிடி தளரும். இன்னொரு குணமும் இருக்கிறது. தொடர்ந்து அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்ல மெல்ல நழுவி இடம் மாறும். நீங்கள் இறுக்கி வைத்த இறுக்கம் சில மாதங்களில், யாரும் தொடாமலே, குறைந்துவிடும்.

ஆட்டம் கண்ட குமிழை நாம் என்ன செய்வோம்? இன்னும் ஒரு திருகு திருகுவோம். கை 15 சென்டிமீட்டர் சுற்றி வந்தால் குமிழ் இறங்குவது ஒன்றரை மில்லிமீட்டர். கணக்குப்படி விசை நூறு மடங்காகப் பெருகுகிறது. பெரும்பகுதியை உராய்வு விழுங்கினாலும் மிச்சம் இருப்பதே பிளாஸ்டிக் மரையைக் கிழிக்கத் தாராளம். மரையின் 60 டிகிரி முனையோ ஆப்பாக வேலை செய்து குமிழின் சுவரை வெளிப்பக்கமும் தள்ளும். சில குமிழ்கள் வாயருகே விரிசல் விடுவது இதனால்தான். பிளாஸ்டிக்குக்கென்றே செய்யும் திருகுகளில் இந்தக் கோணத்தை 30 டிகிரியாகக் குறைப்பது இந்தத் தள்ளலுக்குப் பயந்துதான்.

பழுது பார்ப்பதற்கு வருவோம். தண்டில் டெஃப்லான் டேப் சுற்றித் திருகுவது ஊர் போய்ச் சேரும்வரைக்கான வழி. வீட்டிலேயே செய்யத்தக்கது எபாக்சி. துளையின் உட்புறத்தைக் கீறிச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, பிசினும் கடினமாக்கியும் கலந்து நிரப்ப வேண்டும். பிறகு தண்டின் அளவுள்ள ஒரு போல்ட்டில் கிரீஸோ மெழுகோ தடவி நேராகச் செருகி வைக்க வேண்டும். கிரீஸ் பட்ட இடத்தில் எபாக்சி ஒட்டாது. அதனால் மறுநாள் போல்ட்டைத் திருகி எடுத்தால் உள்ளே அச்சு அசலாகப் புது மரை இருக்கும். கடையில் வாங்கிய ஏதோ ஒரு போல்ட் உங்கள் கார் தண்டுக்கு அச்சாக அமைவதே ஒரு வரலாறு. 1841இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் பொது மரை அளவை முன்வைக்கும்வரை ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று ஒரு மரை வைத்திருந்தது.

எபாக்சியிலும் ஒரு குறை உண்டு. சாதாரண அறைச்சூட்டில் இறுகும் வகைகள் பல 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். உலோகத்தூள் கலந்த, சூடு தாங்கும் வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

என்னைக் கேட்டால் லேத் பட்டறைக்குப் போவதே மேல். துளையைப் பெரிதாக்கி, வெளியே சொரசொரப்பான வரிகளும் உள்ளே மரையும் கொண்ட பித்தளை புஷ் ஒன்றை இறக்கி ஒட்டிவிடுவார்கள். இப்போது உரசல் முழுவதும் எஃகுக்கும் பித்தளைக்கும் இடையில். பிளாஸ்டிக் திரும்பவும் திருகப்படப் போவதில்லை. பெரிய பரப்பில் புஷ்ஷைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும். அந்த வேலையைப் பிளாஸ்டிக் நன்றாகவே செய்யும்.

எந்த வழியில் சரி செய்தாலும் குமிழின் அடியில் ஒரு பூட்டு நட் போடுங்கள். கழலாமல் இருக்கும், மேலே பொறித்த கியர் எண்களும் நேராக நிற்கும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: குமிழைத் தண்டோடு சேர்த்து ஒட்டிவிடுவது. பல கார்களில் நடுப்பெட்டியைக் கழற்ற வேண்டுமானால் முதலில் குமிழைக் கழற்றியாக வேண்டும். ஒட்டிவைத்தால் மெக்கானிக் ரம்பத்தைத் தேடுவார்.