பிஞ்சுக் கண்ணின் வரைபடம்

குறைமாதப் பிள்ளையின் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்றதும், கறம்பக்குடியிலோ மணமேல்குடியிலோ இருந்து வந்த தாய் முதலில் கேட்பது, "நல்லாத்தானே முழிக்குது, கண்ணுக்கு என்ன டாக்டர்?" என்பதுதான். நியாயமான கேள்வி. வெளியே பார்த்தால் அந்தக் கண்ணில் ஒரு குறையும் தெரியாது. இருந்தால் அது உள்ளே, விழித்திரையில் இருக்கும்.

கருவில் விழித்திரையின் ரத்த நாளங்கள், பார்வை நரம்பு புகும் இடத்தில் தொடங்கி ஓரத்தை நோக்கி மெல்லப் படரும். பத்து மாதமும் நிறைகிற சமயத்தில்தான் கடைசி ஓரத்தை எட்டும். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்தப் படர்ச்சி பாதியில் நின்றுபோகும். பிறகு பலருக்கு ஒழுங்காகத் தொடரும். சிலருக்குத் தாறுமாறாகக் கிளைத்து, தழும்பாகி, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். அதனால்தான் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த பிள்ளைக்கு 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை நடக்க வேண்டும் என்கிறது இந்திய வழிகாட்டுதல். சிகிச்சை தேவைப்படும் கட்டத்தை நோய் எட்டிவிட்டால், இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் வைத்தாக வேண்டும்.

பரிசோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் மனசு பதறும். பிள்ளையைக் கையோடு சேர்த்துத் துணியில் சுற்றி, சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து, இமைகளைச் சின்னக் கம்பிக் கவ்வியால் விலக்குகிறார்கள். இருட்டறையில், கையில் பிடித்த 20 டயாப்டர் லென்ஸுக்குள் விழித்திரையின் ஒரு துண்டு தலைகீழாக மிதக்கிறது. பிள்ளை வீறிடுகிறது, கண் உருள்கிறது, துண்டு நழுவுகிறது. ஒரே படத்தில் 130 பாகை காட்டும் கேமராக்கள் உண்டு. விலைதான் எட்டாது. கைபேசியும் இந்த லென்ஸும் இருந்தால் வீடியோ எடுத்துவிடலாம். நொடிக்கு 30 பிரேம் வீதம் அரை நிமிடத்துக்கு 900 படங்கள். ஆனால் ஒன்றில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது, அடுத்தது கலங்கல், இன்னொன்றில் பாதியை இமை மறைக்கிறது. முழு விழித்திரையைக் காட்டும் படம் அந்த 900-இல் ஒன்றுகூடக் கிடையாது.

சித்தன்னவாசல் குடைவரையில் அண்ணாந்து நின்று, விதானத்தில் தீட்டிய தாமரைக் குளத்தைப் படமெடுக்க முயன்றவர்களுக்கு இது புரியும். மீனும் அன்னமும் யானையும் பூப்பறிக்கும் ஆடவரும் நிறைந்த விதானம் ஒரு சட்டத்துக்குள் அடங்காது. நாலைந்தாக எடுத்து, இரண்டு படத்திலும் விழுந்த ஒரு மொட்டையோ தண்டையோ அடையாளம் வைத்துப் பொருத்த வேண்டும். விழித்திரையில் மொட்டுக்குப் பதில், நாளம் இரண்டாகப் பிரியும் கவைகள். போதுமான கவைகள் பொருந்தினால் இரு பிரேம்கள் சேர்ந்துவிடும். ஒரே வித்தியாசம்: விதானம் தட்டை, கண் உருண்டை. உருண்டையைத் தட்டையாகப் பாவித்து ஒட்டினால் ஓரத்து நாளங்கள் இரட்டைக் கோடாகிவிடும். அமெரிக்காவின் ரென்சீலர் பல்தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வாளர்கள் 2002-இல் அந்த வளைவையும் கணக்கில் சேர்த்து, 12 எண்களால் ஒரு பிரேமை இன்னொன்றின் மேல் பொருத்தும் முறையை வெளியிட்டார்கள்.

பொருத்திய படத்தில் நாளத்தை மட்டும் பிரித்தெடுக்கவும் வழி இருக்கிறது. பின்னாளில் மும்பை ஐஐடியின் இயக்குநராக இருந்த சுபாசிஸ் சவுத்ரியும் உடன் ஆய்வாளர்களும் 1989-இல் தந்த முறை இன்றைக்கும் பாடமாகச் சொல்லப்படுகிறது: நாளத்தின் குறுக்குவெட்டைப் போன்ற ஒரு வடிகட்டியை 15 பாகை வீதம் 12 திசைகளில் திருப்பி, எந்தத் திசையில் அதிகம் பொருந்துகிறது என்று பார்ப்பது.

ஆனால் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது அடுத்த படிதான். ஒரே நாளம் ஒரு பிரேமில் தடித்தும், இன்னொன்றில் மெலிந்தும், வேறொன்றில் அறுந்தும் தெரிகிறது. எதை நம்புவது? எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் புள்ளி புள்ளியான இரைச்சல் குறையும். 9 பிரேம்களைக் கூட்டினால் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதே சராசரி நாளத்தின் தடிமனைப் பொய்யாக்கவும் கூடும். கண்ணைத் திருப்ப உலோகக் கருவியால் அழுத்தும்போது உள்ளழுத்தம் ஏறி நாளம் வெளுத்து மெலியும். அழுத்தியதையும் அழுத்தாததையும் சேர்த்தால், எந்த நொடியிலும் அந்தக் கண்ணில் இல்லாத ஒரு தடிமன் கிடைக்கும். எனவே தடிமனை அழுத்தாத பிரேம்களிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். நாளம் உண்டா இல்லையா என்பதில் பிரேம்கள் வாக்களிக்கலாம். அந்த இடத்தில் வெளிச்சம் தெறித்த பிரேமுக்கு வாக்கு கிடையாது. நடுவில் அறுந்த கோட்டின் மூலத்தைத் தேடிப் போக வேண்டும். கண்மாயின் வரத்து வாய்க்கால் நடுவயலில் திடீரென்று தொடங்காது, நாளமும் அப்படித்தான்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. பார்வை நரம்பைச் சுற்றிய நாளங்கள் தடித்து நெளிந்திருந்தால் அது ஆபத்தின் அறிகுறி. எவ்வளவு நெளிந்தால் நோய் என்பதில், ஒரே படத்தைப் பார்க்கும் தேர்ந்த மருத்துவர்களே வேறுபடுகிறார்கள். இந்த நாள மாற்றங்களைப் பார்த்து நோய்க்கு மதிப்பெண் போடும் செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்று, அரவிந்த் கண் மருத்துவமனையின் தொலைமருத்துவத் திட்டத்தில் எடுத்த படங்களில் சோதிக்கப்பட்டு, 2021-இல் முடிவுகள் வெளியாயின. அத்தகைய நிரலும் தனக்குக் கொடுத்த படத்தை வைத்துத்தான் பேச முடியும்.

ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்துத் தாய் மறுபடி பஸ் ஏறி வருகிறாள். இன்றைய வரைபடத்தைப் போன தடவை எடுத்ததன் மேல் வைக்கிறார்கள். கவைகள் பொருந்துகின்றன. நாளங்களின் நுனி மட்டும் முன்பு நின்ற இடத்தில் இல்லை, ஓரத்தை நெருங்கியிருக்கிறது. நெளிவு கூடவில்லை. நாளங்கள் ஓரத்தை முழுக்க எட்டிவிட்ட நாளில், "இனிமே இதுக்காக வர வேண்டாம்மா" என்கிறார் மருத்துவர்.