நோய்விட்டு எழுந்தபின்: ஓய்வும் உடற்பயிற்சியும்

காய்ச்சல் விட்ட மறுநாளே திடலில் ஓட நிற்கும் மாணவரையும், காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகியும் நாற்காலியைவிட்டு எழாத பெரியவரையும் நாம் ஒரே வீட்டில் காண்கிறோம். இருவரும் செய்வது பிழையே. ஆயினும் இருவருக்கும் ஒரே அறிவுரையைக் கூறிவிட முடியாது.

தமிழில் 'தேறுதல்' என்னும் சொல் நோய்க்கும் தேர்வுக்கும் பொது. நம் மாணவர் சிலர் இரண்டையும் ஒரே நாளில் முடிக்க விரும்புகின்றனர். நாப்ஃபா உடலுறுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் நெருங்கும்போது, படுக்கையில் கழிந்த பத்து நாளை இரண்டே நாளில் ஈடுகட்ட முயல்வர். சித்த மருத்துவ மரபு இதை நன்கு அறிந்திருந்தது. மருந்துண்ணும் காலத்துக்குப் பத்தியம் வகுத்ததோடு அமையாமல், மருந்தை நிறுத்தியபின் படிப்படியாக வழக்கத்துக்குத் திரும்புதற்கு 'மறுபத்தியம்' என்று தனியே ஒரு காலத்தையும் வகுத்தது.

மற்றொரு புறம், ஓய்வே மருந்து என்ற நம்பிக்கையும் நெடுங்காலம் நிலவியது. காசநோயாளரை மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்திய காலத்தின் எச்சமாகச் சென்னைப் புறநகர் ரயில் நிலையம் ஒன்று இன்றும் 'தாம்பரம் சானடோரியம்' என்றே வழங்குகிறது. அந்நம்பிக்கையை அசைத்த ஆய்வும் சென்னையிலேயே நிகழ்ந்தது. 1956இல் அங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நோயில்லத்திலும் மற்றப் பிரிவினரை வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளை அளித்தது. வீட்டிலிருந்தோர்க்கு நல்லுணவு குறைவு, இடம் குறைவு, ஓய்வும் குறைவு. எனினும் இரு பிரிவினரும் குணமடைந்த அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. உடற்பயிற்சி நோயைத் தீர்க்கும் என்று இவ்வாய்வு சொல்லவில்லை. நோயைத் தீர்த்தது மருந்து, படுக்கையன்று என்பதே அது காட்டியது.

படுக்கைக்கு ஒரு விலையும் உண்டு. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நலமுள்ள இளைஞர் ஐவர் மூன்று வாரம் படுக்கையிலேயே இருந்தனர். உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல் அவர்களிடம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பதாண்டு முதுமை உண்டாக்கிய இழப்பைவிட அந்த மூன்று வார இழப்பே பெரிதாயிருந்தது.

அப்படியாயின் உடனே ஓடலாமா? கூடாது. சிங்கப்பூரில் நாம் நன்கறிந்த டெங்கியையே எடுத்துக்கொள்வோம். 2020இல் மட்டும் இங்கு 35,000க்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர். அந்நோயில் காய்ச்சல் தணியும் வேளையிலேதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்கக்கூடும். தட்டணுக்களும் அப்போது மிகக் குறைந்திருக்கலாம். வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்புவோர் இங்கேதான் ஏமாறுகின்றனர். கிருமித்தொற்றுகள் சில, அரிதாயினும், இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். அழற்சியுற்ற இதயத்தைக் கடும் பயிற்சிக்கு உள்ளாக்கினால் துடிப்பு தடுமாறி உயிருக்கே ஆபத்து நேரலாம். அழற்சி உறுதியான விளையாட்டாளரை மருத்துவர் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் போட்டிகளிலிருந்து விலக்கிவைப்பது இதனால்தான்.

கோவிட்-19க்குப் பின் பிரிட்டனில் மருத்துவர் சிலர் வகுத்த நெறி எளியது. நோய்க்குறி எதுவுமின்றி ஏழு நாள் கழியட்டும். பிறகு இரண்டு வாரம் மிக எளிய அசைவு மட்டும். அதன்பின் படிப்படியாக ஏறலாம். சாதாரணச் சளிக்கு இத்தனை நாள் வேண்டியதில்லை. காய்ச்சல் இருக்கையில் பயிற்சி அறவே ஆகாது. நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே கைக்கடிகாரக் கருவிகளைவிட நல்ல அளவுகோல் என்பது எம் கருத்து. நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் நிறுத்திவிட்டு மருத்துவரை நாடவேண்டும்.

ஆசிரியர்க்கு ஒன்று: மருத்துவ விடுப்புச் சீட்டு நோயுற்ற நாள்களையே குறிக்கும், தேறும் நாள்கள் அதில் இரா. சீட்டின் கெடு முடிந்த மறுநாளே ஒரு மாணவரை ஓட்டத்துக்கு நிறுத்தும்முன், மாடிப்படி ஏறுகையில் எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்கலாம்.

பெரியவர்க்கு நாம் காட்டும் முதல் தடம் தேக்கா சந்தையிலிருந்து சிராங்கூன் சாலை வழியாக ஃபேரர் பார்க் ரயில் நிலையம் வரை செல்வது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பெரும்பகுதி ஐந்தடி வழியின் நிழல். வேண்டியபோது அமரத் தேநீர்க்கடைகள். நம் ஊர்ப் புழுக்கத்தில் காலை வேளையே ஏற்றது. தண்ணீர்ப் புட்டியும் உடனிருக்கட்டும். மறுநாள் எழும்போது உடல் முன்போலவே இருந்தால் அதே தொலைவை மீண்டும் நடக்கலாம். களைப்பு மிகுந்திருந்தால் அடுத்த நடை பாதித் தொலைவோடு நிற்கட்டும்.