நெஞ்செரியாத அமிலம்

ரமழானின் நடுப்பகுதி வரும்போது தராவீஹ் தொழுவிக்கும் ஹாபிழ்மார் சிலரது குரல் அடைத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். "ஓதி ஓதித் தொண்டை கட்டிட்டு" என்று சொல்லிக்கொள்கிறோம். பல சமயம் அது சரிதான். ஆனால் என்னிடம் வரும் சிலர் சொல்வது வேறு மாதிரி. காலையில் எழும்பினால் குரல் கரகரக்கிறது, பகல் ஏற ஏறத் தெளிகிறது. நாள் முழுக்கச் செருமிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. "தொண்டைக்குள்ள என்னமோ ஒண்டு நிக்கிது டொக்டர், விழுங்கவும் ஏலா, துப்பவும் ஏலா" என்பார்கள். மூக்கின் பின்புறமாகச் சளி இறங்குகிறது என்று பீனிசத்துக்கு மருந்தெடுத்துக் களைத்தவர்களும் இவர்களுள் உண்டு. கேஸ்ட்ரிக் இருக்கிறதா என்று கேட்டால், "நெஞ்செரிவே இல்லியே" என்று பதில் வரும்.

நெஞ்செரிவு இல்லாததால் அமிலமும் மேலே வரவில்லை என்று முடிவுகட்ட முடியாது. இரைப்பையில் கடும் அமிலத்தோடு பெப்சின் என்ற நொதியமும் இருக்கிறது. இறைச்சியைச் செரிக்க வைப்பது அதுதான். சாப்பிட்ட பின் இவை சிறிதளவு உணவுக்குழாய்க்குள் ஏறி இறங்குவது ஆரோக்கியமானவர்களுக்கும் நடக்கும். பாடசாலையில் 'களம்' என்று படித்த அந்தக் குழாய் சுமார் 25 சென்ரிமீற்றர் நீளமானது. வந்த அமிலத்தை அது சுருங்கித் தள்ளிவிடும். விழுங்கிய எச்சில் மிச்சத்தைக் கழுவும். குரல்வளைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. களத்தில் எரிச்சலே உண்டாக்காத சிறு அளவு, மேல்வாசலையும் தாண்டிக் குரல்நாண்களில் பட்டால் அங்கே வீக்கம் வரப் போதும். பெப்சினுக்கு இன்னொரு குணமும் உண்டு. அமிலம் குறைந்த இடத்தில் அது அடங்கிக் கிடக்கும். மறுபடி அமிலம் பட்டால் வேலையைத் தொடங்கும். அமெரிக்காவின் தொண்டை மருத்துவர் ஜேமி கோஃப்மன் 1991இல் வெளியிட்ட விரிவான ஆய்வுக்குப் பிறகே இந்த 'மௌன' ஏற்றம் தனி நோயாகப் பரவலாகப் பேசப்பட்டது.

மூக்கு விஷயத்தில் நான் கொஞ்சம் நிதானமாகத்தான் பேசுவேன். புண்பட்ட தொண்டை தன்னைக் காத்துக்கொள்ளச் சளியைச் சுரக்கும். அதே நேரம் அங்கே உணர்ச்சியும் கூடிவிடுவதால், வழக்கமாக நாம் அறியாமலே விழுங்கும் சளிகூட இப்போது தடையாகத் தெரியும். ஆகவே மேலிருந்து இறங்குவதாக நினைப்பது, கீழிருந்து வந்த அமிலம் கிளப்பிய சளியாகவும் இருக்கலாம். தும்மல், கண் கடி, தண்ணியாய் ஓடும் மூக்கு என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. முகம் கனத்து, மூக்கடைத்து, மஞ்சள் சளி வந்தால் பீனிசத்தைத் தேட வேண்டும். இவை எதுவுமில்லாமல் வெறும் செருமலும் காலைக் கரகரப்புமாய் மாதக்கணக்கில் இழுத்தால் வயிற்றையும் நினைக்கலாம்.

நினைக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் இப்போது காற்று மறுபக்கம் வீசுகிறது. தொண்டை கரகரத்தால் உடனே பாமசியில் ஒமிப்ரசோல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். நீடித்த தொண்டைக் குறைபாடு உள்ள 346 பேருக்கு பிரித்தானியாவில் செய்த பரிசோதனையொன்றின் முடிவு 2021இல் வெளியானது. பாதிப்பேருக்கு அதே வகையைச் சேர்ந்த லான்சோப்ரசோல், நாளுக்கு இரண்டு வேளை, 16 வாரம். மற்றவர்களுக்கு மருந்தில்லா மாத்திரை. இரு சாராரும் ஓரளவு சுகப்பட்டார்கள். மருந்து எடுத்தவர்கள் கூடுதலாகச் சுகப்படவில்லை. இந்த மாத்திரை அமிலச் சுரப்பைக் குறைக்குமே தவிர, மேலேறுவதை நிறுத்தாது. நெஞ்செரிவும் சேர்ந்திருப்பவர்களுக்கு அது பயன்படும். தொண்டை மட்டும் என்றால் சாப்பாட்டிலும் படுக்கையிலும்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

நமது நோன்பு காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோன்பில் பிழையில்லை. கஞ்சி, சம்சா, கட்லட், அதன்மேல் தேசிக்காய்த் தண்ணி, உடனே சோறு என்று ஒரே மூச்சில் வயிறு முட்டுகிறது. சஹருக்கு வயிறு நிரம்ப உண்டு, சுபஹ் தொழுததும் சாய்ந்துவிடுகிறோம். நிரம்பிய இரைப்பையோடு படுத்தால் மேல்நோக்கி வருவது எளிது. வயிற்றில் மூன்றிலொன்றை மூச்சுக்கு விடச் சொன்ன நபிமொழியை மேடையில் கேட்கிறோம். சஹனைச் சுற்றி உட்கார்ந்தால் மறந்துவிடுகிறோம்.

கஞ்சியோடு நிறுத்தி, சாப்பாட்டைத் தராவீஹுக்குப் பிறகு கொஞ்சமாக எடுக்கலாம். ஆனால் உண்டதற்கும் படுப்பதற்கும் இடையில் மூன்று மணித்தியாலம் விடுவதுதான் இலக்கு. சஹருக்கு அது முடியாது என்பதால் அந்த வேளை எண்ணெய்ப் பண்டம் இல்லாமல் அளவாக உண்டு, தலைப்பக்கம் உயர்த்தி இடப்பக்கமாகப் படுக்கட்டும். தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து இன்னும் அழுத்தும். கட்டில் கால்களுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் அளவு பலகை வைப்பதே மேல். சாரனுக்கு மேல் இறுக்கிக் கட்டும் பெல்ட்டையும் தளர்த்த வேண்டும். தொண்டைக்கு இதமென்று சப்பும் பெப்பர்மின்ட் கீழ்வாசல் தசையைத் தளரச் செய்யும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். செருமல் குரல்நாண்களை ஒன்றோடொன்று மோதவைத்து வீக்கத்தைக் கூட்டும். செருமத் தோன்றும்போது ஒரு மிடறு தண்ணி குடிக்கலாம், நோன்போடு இருந்தால் எச்சிலை விழுங்கலாம்.

மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரலடைப்பு, விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி, காரணமின்றி மெலிதல், சளியில் இரத்தம்: இவற்றில் ஒன்றிருந்தாலும் ஈ.என்.டி. டொக்டரிடம் போய்க் கமரா விட்டுக் குரல்வளையைப் பார்க்கவேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களும் சிகரட், பீடி குடிப்பவர்களும் "கேஸ்ட்ரிக்தானே" என்று தள்ளிப்போட நான் விடுவதில்லை. அவர்களுக்கு முதலில் கமரா, சாப்பாட்டுப் பேச்சு பிறகு.