ஸ்கூபா டைவிங்: மூச்சை அடக்காமல் ஆழ்கடலை ரசிப்பது எப்படி?

பருவமழை ஓய்ந்து கடல் தெளியத் தொடங்கியதும், அந்தமானின் ஸ்வராஜ் தீப் (முன்னர் ஹேவ்லாக்), லட்சத்தீவுகள், கர்நாடகத்தின் முருதேஸ்வர் கடற்கரைக்கு அப்பாலுள்ள நேத்ராணி தீவு ஆகிய இடங்களை நோக்கி ஸ்கூபா ஆர்வலர்கள் புறப்படுகின்றனர். கோவாவிலும் மகாராஷ்டிரத்தின் மால்வணிலும் இறங்குவோர் உண்டு. எனினும், கடலடிக் காட்சியின் தெளிவில் அந்தமானுக்கும் லட்சத்தீவுகளுக்கும் நிகராக இந்தியாவில் வேறு இடங்களைச் சொல்வது கடினம்.

புகைப்படங்களைப் பார்த்து ஆவல் கொள்பவர்கள், வண்ண மீன்களைக் காண்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதன்மையான இன்பம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், சில முறை இறங்கிப் பழகியவர்கள் முதலில் குறிப்பிடுவது எடையின்மையை. உடலின் எடையும் நீரின் உந்துவிசையும் சமன்படும்போது மனிதர் மேலெழுவதும் இல்லை, மூழ்குவதும் இல்லை. அந்த நிலையில் மூச்சை உள்ளிழுத்தால் உடல் ஒரு சாண் உயர்கிறது. வெளிவிட்டால் மெல்லத் தாழ்கிறது. கை, கால்களை அசைக்காமல் நுரையீரலைக் கொண்டே உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். விண்வெளி வீரர்களுக்கு நாசா ஹூஸ்டனில் உள்ள பெரும் நீச்சல் குளத்தில் பயிற்சி அளிப்பதும் இதே தத்துவத்தின் அடிப்படையில்தான்.

இந்த வசதியைச் சாத்தியமாக்கியது ரெகுலேட்டர் என்னும் சிறு கருவி. பிரான்ஸைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காக்னனும் 1943-ஆம் ஆண்டில் இதன் நவீன வடிவத்தை உருவாக்கினர். சிலிண்டரில் ஏறத்தாழ 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைக்கப்பட்ட காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு இணையாகக் குறைத்து, மூச்சை இழுக்கும்போது மட்டும் வாய்க்கு வழங்குவதே இதன் பணி. சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் கருதுகின்றனர். பொழுதுபோக்கு டைவிங்கில் பெரும்பாலும் பயன்படுவது, வடிகட்டி அழுத்தப்பட்ட சாதாரணக் காற்றே.

பாதுகாப்பின் முதல் விதி இங்கிருந்துதான் பிறக்கிறது: எந்நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவில் கயிற்றில் கட்டிய கல்லின் துணையுடன் இறங்கிய முத்துக்குளிப்போருக்கு மூச்சடக்கமே தொழிலின் அடிப்படையாக இருந்தது. ஸ்கூபாவில் அதுவே ஆபத்து. முத்துக்குளிப்பவர் கரையில் இழுத்த காற்றையே சுமந்து செல்கிறார். அது ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது; அதற்கு மேல் விரிவதில்லை. ஸ்கூபா வீரரோ 10 மீட்டர் ஆழத்தில், தரைமட்டத்தைப்போல் இரு மடங்கு அழுத்தமுள்ள காற்றைச் சுவாசிக்கிறார். நுரையீரல் நிறைய இழுத்த அக்காற்றை அடக்கிக்கொண்டு மேலேறினால், அது இரு மடங்காக விரிய முயன்று நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும். ஆழம் குறைந்த நீச்சல் குளத்தில்கூட இவ்விபத்து நேரலாம் என்பதால், பயிற்றுநர்கள் முதல் வகுப்பிலேயே இதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்துகின்றனர்.

பதற்றமும் இங்கே செலவுமிக்கது. 10 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் இரு மடங்கு காற்றும், 20 மீட்டரில் மூன்று மடங்கு காற்றும் கரைகின்றன. வேகமாக மூச்சு வாங்கும் புதியவரின் சிலிண்டர் விரைவில் தீர்ந்துவிடுகிறது. நிதானமாகச் சுவாசிப்பவர் அதே சிலிண்டருடன் நெடுநேரம் உலாவுகிறார்.

அப்படி உலாவும்போது கடல் அமைதியானது என்ற எண்ணம் கலைகிறது. பவளப்பாறைகளை நெருங்கினால், தாளிப்பில் கடுகு வெடிப்பது போன்ற ஒலி இடையறாது கேட்கும். சிறு இறால் வகை ஒன்று தன் கொடுக்கைச் சொடுக்கும் ஓசை அது. கிளிமீன்கள் பாறையைக் கொறிப்பதையும் காதாரக் கேட்கலாம். அவை கொறித்து வெளியேற்றும் துகள்களே பவளத் தீவுகளின் வெண்மணலில் ஒரு பங்கு. நீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் பயணிப்பதால், ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காதுகளால் பிரித்தறிய இயலாது. கண்ணும் ஏமாறுகிறது. முகக்கண்ணாடி வழியே பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும். சிவப்பு நிறம் சில மீட்டர் ஆழத்திலேயே மங்கிவிடுவதால், செந்நிற மீன் சாம்பல் நிறமாகத் தெரியும். விளக்கை அடித்ததும் அதன் உண்மை நிறம் பளிச்சிடுவது அனுபவசாலிகளும் சலிக்காத வேடிக்கை.

சுற்றுலாப் பயணிகளுக்கு வழங்கப்படுவது பெரும்பாலும் ‘அறிமுக டைவ்’ ஆகும். இதற்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பயிற்றுநர் உடனிருந்து வழிநடத்துவார். ஆழம் 12 மீட்டரைத் தாண்டாது. தனித்துவமான அனுபவம்தான், ஆனால் கட்டுப்பாடு முழுவதும் மற்றவர் கையில் இருக்கும். மேற்சொன்ன எடையின்மையைத் தாமே கையாள விரும்புவோர், வழக்கமாக மூன்று அல்லது நான்கு நாட்கள் நீடிக்கும் ‘ஓபன் வாட்டர்’ பயிற்சியைப் பெறுவது நல்லது. இதில் 18 மீட்டர் வரை இறங்குவதற்கான சான்றிதழ் கிடைக்கும். இப்பயிற்சிக்கு நீச்சல் அவசியம்.

இரண்டிலும் மருத்துவ வினாப்படிவம் தரப்படும். அதை ஒப்புக்கு நிரப்புவது விவேகமன்று. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி இறங்கக் கூடாது. கருவுற்றிருப்போர் தவிர்க்க வேண்டும். சாதாரணச் சளிகூடத் தடையே. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதின் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாவிட்டால், ஓரிரு மீட்டரிலேயே வலி தொடங்கிவிடும். முன்பணம் கட்டிவிட்டோமே என்று வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்குபவர்கள் செவிப்பறையை இழக்க நேரிடலாம்.

பவளங்களைத் தொடுவதும் கூடாது. பாறை போலத் தோன்றினாலும் அவை உயிரினங்கள். சில வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்பவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளதால், உடைந்த துண்டை நினைவுப்பொருளாக எடுத்து வருவதும் குற்றமாகும். 2024-இல் கடல் வெப்பம் உயர்ந்தபோது லட்சத்தீவுகளின் பவளங்கள் பெருமளவில் வெளிறின. அங்கு ஆண்டுதோறும் இறங்குபவர்கள் அந்த மாற்றத்தை நேரில் கண்டனர்.

பயணத்தைத் திட்டமிடும்போது பலர் கவனிக்கத் தவறுவது, திரும்பும் விமானத்தின் நேரம். ஆழத்தில் இருக்கும்போது நைட்ரஜன் வாயு உடலில் கூடுதலாகக் கரைகிறது. அது மெல்ல வெளியேற அவகாசம் தராமல் காற்றழுத்தம் குறைந்த விமானத்தில் ஏறினால், குமிழிகள் உருவாகி மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை நேரக்கூடும். ஒரு முறை மட்டும் இறங்கியவர்கள் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். ஆகவே, அந்தமான் செல்வோர் டைவிங்கைப் பயணத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு, தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தின் (முன்னர் போர்ட் பிளேர்) செல்லுலார் சிறை, அருங்காட்சியகங்கள் ஆகியவற்றைக் கடைசி நாளுக்கு ஒதுக்கலாம்.