களவுபோன காருக்குக் கிடைத்த சட்டம்

ஐக்கிய அமெரிக்காவில், களவெடுத்த காரை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவது 1919ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தண்டிக்கும் குற்றமாகிவிட்டது. ஒரு மனிதரைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வதற்கு அப்படியொரு சட்டம் வர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலாவதை நிறைவேற்றியவரும் இரண்டாவதற்காகப் போராடித் தோற்றவரும் ஒருவரே: மிசூரி மாநிலத்துச் சட்டத்தரணி லியோனிடாஸ் டயர். அவரது வாழ்க்கையை வாசித்தபோது என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த முரண்தான்.

1871இல் பிறந்த டயர், 1911இல் குடியரசுக் கட்சி சார்பில் முதன்முறையாகப் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். செயின்ட் லூயிஸ் நகரிலிருந்த அவரது தொகுதியில் கறுப்பின மக்கள் பெருமளவில் வாழ்ந்தார்கள். 1917 ஜூலையில், மிசிசிப்பி ஆற்றின் மறுகரையிலுள்ள கிழக்கு செயின்ட் லூயிஸில் வெள்ளையினக் கும்பல்கள் கறுப்பின மக்களின் வீடுகளை எரித்தன. உத்தியோகபூர்வக் கணக்கின்படியே 39 கறுப்பினத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். உயிர்தப்பிய பலர் ஆற்றைக் கடந்து டயரின் நகருக்குள் ஓடிவந்தார்கள். பாதுகாக்க வேண்டிய பொலிஸாரிலும் படையினரிலும் பலர் கைகட்டி நின்றார்கள்.

அடுத்த ஆண்டே டயர் தனது சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். கொலையாளிகளை மட்டும் அது குறிவைக்கவில்லை. தடுக்கத் தவறிய, வழக்குத் தொடரத் தவறிய அதிகாரிகளுக்கும் ஐந்து வருடம் வரை சிறை. கொலை நடந்த மாவட்டம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 10,000 டொலர் நட்டஈடு கட்ட வேண்டும். இதற்கு அவர் காட்டிய அடிப்படை, எல்லோருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பை உறுதிசெய்யும் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம். ஒரு மாநிலம் அந்தப் பாதுகாப்பை மறுத்தால், மத்திய அரசு தலையிட வேண்டும் என்பதே அவரது வாதம்.

கொலை விசாரணை மாநிலங்களின் உரிமை என்றார்கள் எதிர்த்தவர்கள். குற்றவாளிகளைத் தண்டிக்காத அதே மாநிலங்களிடமே நீதியையும் விட்டுவிடுங்கள் என்பதுதான் அதன் பொருள். 1922 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை சட்டமூலத்தை நிறைவேற்றியது. செனட்டில் தென்மாநில ஜனநாயகக் கட்சியினர் வாக்கெடுப்பே நடக்கவிடாமல் இழுத்தடித்தார்கள். அந்த டிசம்பரில் அது கைவிடப்பட்டது.

டயர் 1957இல் காலமானார். இத்தகைய சட்டங்களை நிறைவேற்றாததற்காக செனட் 2005இல் மன்னிப்புக் கேட்டது. 2022இல் எமெட் டில் பெயரிலான சட்டம் வந்தது. கும்பல் கொலைக்கு அதில் 30 வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால், பார்த்துக்கொண்டு நின்ற அதிகாரியைத் தண்டிக்கும் டயரின் பிரிவும், குடும்பத்துக்கான நட்டஈட்டுப் பிரிவும் அதில் இல்லை. நீதி கேட்டுக் காத்திருப்பவர்கள், ஒரு சட்டம் வந்ததா என்பதோடு யாரை அது தொடாமல் விட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.